காஜா அக்காவின் வராந்தா

நான்காவது மாடியில், இருபுறமும் கதவுகள் வரிசையாக நிற்கும் காரிடாரின் கடைசி வீடு காஜா அக்காவுடையது. சட்டைப் பொத்தான் துளைக்குக் கையாலேயே காஜா எடுப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை; அதனால் வந்த பேர். வீட்டுக்குள் பட்டப்பகலிலும் ஊசியின் காது தெரியாது. வாசலுக்கு வெளியே, பாதை முடிகிற சுவரில், பெரிய ஜன்னல் ஒன்று இருந்தது. குடிவந்த கையோடு தையல் மிஷினை அதன் அடியில் கொண்டுபோய்ப் போட்டாள். இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்தது அந்த வெளிச்சம்தான்.

குடியிருப்போர் சங்கத்துக்குப் புதிதாக வந்த செயலாளருக்கு அது கண்ணை உறுத்தியது.

“இது காரிடார்ம்மா. காரிடார்னா நடக்கிற இடம். உக்கார்ற இடமில்ல.”

“என் வீட்டைத் தாண்டி எங்க சார் நடக்கப்போறீங்க, ஜன்னல் வழியாவா? இது என் வராந்தா.”

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். செயலாளர் முகம் சுருங்கித் திரும்பிப் போனார்.

வார்த்தை மாறியதும் இடமே மாறிவிட்டதுபோல் இருந்தது அவளுக்கு. காரிடார் என்றாலே ஆஸ்பத்திரியும் ஆபீசும்தான். யாருக்காவது வழிவிட்டுச் சுவரோரம் ஒதுங்க வேண்டும். வராந்தா வீட்டோடு சேர்ந்தது. நாற்காலி போடலாம், காலை நீட்டலாம், கேள்வி கேட்க ஆளில்லை.

வினை என்னவென்றால், அந்த வார்த்தை எல்லாருக்கும் பிடித்துப்போயிற்று. “எங்க வராந்தாவுல” என்று ஆரம்பித்து ஒரு வீட்டில் செருப்பு அலமாரி வைத்தார்கள். இன்னொரு வீட்டில் தண்ணீர் டிரம். எதிர்வீட்டு மருமகள் தன் சைக்கிளையே குறுக்கே நிறுத்தினாள்.

ஒருநாள் படிக்கட்டுப் பக்கமிருந்து சத்தம் வந்தது. ரவிக்கை தைக்கக் கொடுக்க வந்த நிறைமாதக்காரி.

“அக்கா, இந்த வயித்தை வெச்சுக்கிட்டு என்னால உள்ள வர முடியல. கீழ் தெருவுலயே குடுத்துக்கறேன்.”

அவளோடு சேர்த்து அந்த வாரம் போனவர்கள் பலர். மிஷின் இருந்தது, வெளிச்சம் இருந்தது, துணிதான் இல்லை. காஜா அக்கா எழுந்து எதிர்வீட்டுக்குப் போனாள்.

“ஏம்மா, காரிடார்ல இப்படிக் குறுக்கால சைக்கிளை நிறுத்தலாமா?”

“அதென்னக்கா நியாயம்? உங்க மிஷினுக்கு வராந்தா, என் சைக்கிளுக்குக் காரிடாரா?”

நாக்குவரை வந்த பதில் எல்லாமே தன்னையே சுட்டியது. வீட்டுக்குத் திரும்பினாள். நடந்ததைக் கேட்ட கணவன் சிரித்த சிரிப்பில் அவனுக்குப் புரையேறியது.

“சிரிச்சது போதும், வந்து ஒரு கை பிடிங்க” என்றாள்.

இருவருமாக மிஷினை இழுத்து வாசல்படிக்கு உள்ளே, நிலையை ஒட்டிக் குறுக்காகப் போட்டார்கள். அவள் உள்ளே உட்கார்ந்து தலையைக் கொஞ்சம் சாய்த்துப் பார்த்தாள். ஜன்னல் வெளிச்சம் ஊசிமுனை வரை எட்டியது. முன்புபோல் தாராளமாக இல்லை, ஆனாலும் எட்டியது. வெளியே ஜன்னலடி துடைத்து வைத்ததுபோல் காலியாகக் கிடந்தது. அதைப் பார்த்த எதிர்வீட்டு மருமகள், முணுமுணுத்துக்கொண்டே சைக்கிளை உருட்டிக்கொண்டு உள்ளே போனாள். பின்னாலேயே அலமாரியும் டிரம்மும் அவரவர் வீட்டுக்குள் போயின.

மறுநாள் வேலை முடிந்து வந்த கணவன், மிஷின் அடைத்திருந்த வாசலுக்கு வெளியே நின்றான்.

“உள்ள வரட்டுமா, வேண்டாமா?”

“யாரோ எவரோ மாதிரி கேக்காதீங்க. இந்தச் சட்டைக் கை முடியட்டும், மிஷினை நகர்த்தறேன்.”

அவன் தோள் பையைக் கீழே வைத்துவிட்டு, துணிப்பையோடு காத்திருந்த ஒரு பெண்ணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான்.