கோழிக்குஞ்சுகளுக்கு ஓர் ஆடி அழைப்பு

போன வியாழக்கிழமை காலை திருவான்மியூரிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். "யக்கா பாட்டியா?" என்று கேட்டாள். என்னை அப்படிக் கூப்பிடுகிற வீடு உலகத்தில் ஒன்றுதான் உண்டு. தனகோட்டியின் பேத்தி. "ஆயா பூட்ச்சு" என்றாள். "எங்கே போச்சு? ஒழுங்காச் சொல்லு" என்று அதட்டினேன். அவள் விம்ம ஆரம்பித்த பிறகுதான் தனகோட்டி இறந்துவிட்டாள் என்று எனக்கு உறைத்தது. அதட்டியதற்காக அந்தப் பிள்ளையிடம் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை.

அசோக் நகரிலும் தி. நகரிலும் தனகோட்டியிடம் முட்டை வாங்கியவர்கள் நீங்கள். அவள் தொண்டையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு தெரு தள்ளி வரும்போதே பால் காய்ச்சுகிறவர்கள் அடுப்பைக் குறைத்துவிட்டு வாசலுக்கு வருவார்கள். பேரம் பேசினால், "முட்டைய நானா போட்டேன்? போட்டவள வந்து கேளு" என்பாள். என்னைவிட இரண்டு வயது மூத்தவள். ஆனாலும் என்னை யக்கா என்றே கூப்பிட்டாள். ஏன் என்று கேட்டதற்கு, "வூடு உன்னிது, எடம் உன்னிது. வயசாவது எங்கிட்ட இருந்துட்டுப் போவட்டும்" என்றாள். இதில் என்ன நியாயம் இருக்கிறது என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

எழுபதுகளின் தொடக்கம் அது. என் கணவர் தி. நகரில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்த்தார். எங்களுக்குத் திருநெல்வேலிப் பக்கம். பின்புறம் காலி இடம் உள்ள ஒரு சின்ன வீடு அசோக் நகரில் கிடைத்ததும் குடிவந்தோம். எட்டாவது மாதம் அவருக்குக் காய்ச்சல் வந்தது. ஐந்தே நாளில் போய்விட்டார். எனக்கு இருபத்தெட்டு வயது, மகளுக்கு நான்கு. காரியம் முடிந்ததும் அவருடைய அண்ணன், எனக்கு அத்தான், சொன்னார்: "தனியாக் கெடந்து என்னம்மா செய்யப்போற? கார்த்திகை வரை பாரு. ஒரு வழி பொறக்கலன்னா பிள்ளையக் கூட்டிக்கிட்டு ஊருக்கு வந்துரு." தங்கமான மனிதர். ஆனால் போனால் அந்த வீட்டு அடுப்படியிலேயே என் ஆயுசு தீர்ந்துவிடும், மகள் பள்ளிக்கூடம் என்பதும் பேச்சோடு நின்றுவிடும். எனக்கு அது நன்றாகத் தெரிந்திருந்தது.

அப்போது நாட்டுக்கோழி முட்டைக் கூடையோடு வந்தவள்தான் தனகோட்டி. என் கொல்லையை எட்டிப் பார்த்தாள். "இவ்ளோ எடம் சும்மா கீது. சீமக் கோயி வுடலாம் யக்கா. நீ வளத்துக் குடு, நான் வித்துக் குடுக்கறேன்." ஆனி மாதம், காற்றுத்துளை போட்ட அட்டைப்பெட்டியில் நூறு வெள்ளை லெகார்ன் சீமைக்கோழிப் பெட்டைக்குஞ்சுகள் வந்து இறங்கின. முந்தின நாள் பொரித்தவை. பின்னறையில் மூங்கில் தட்டியை வட்டமாக வளைத்து, நடுவில் பல்புகளைத் தொங்கவிட்டு, தாய்க்கோழியின் சூட்டுக்குப் பதிலாக ஒரு புரூடர் தயார் செய்தோம். வெல்லத் தண்ணீர் வைத்தோம். குஞ்சுகள் பல்புக்கு அடியில் நெருக்கிக்கொண்டால் குளிர், விலகி ஓடினால் சூடு. பல்பை ஏற்றுவதும் இறக்குவதுமாக ஒரு மாதம் ஓடியது.

ஆடி பிறந்தபோது குஞ்சுகளுக்கு இறகு முளைத்துவிட்டது. கொல்லையில் கம்பிவலை அடித்து, கீற்று வேய்ந்து, தரையில் உமி பரப்பிய கூண்டும் தயார். "இன்னிக்கே மாத்திடலாம்" என்றாள் தனகோட்டி. நான் முடியாது என்றேன். ஆடி மாதத்தில் யாராவது குடி போவார்களா? ஆவணி பிறக்கட்டும் என்றேன். "கோயிக்கு இன்னா யக்கா பஞ்சாங்கம்? அதுங்க வளரும்போது ஆடியப் பாத்தா வளருதுங்க?" என்று தலையில் அடித்துக்கொண்டாள். நான் மசியவில்லை.

பத்து நாளில் அந்த வட்டத்துக்குள் கால் வைக்க இடமில்லை. ஒன்றை ஒன்று கொத்த ஆரம்பித்தன. ஒரு குஞ்சின் வாலடியில் ரத்தம் கசிந்தால் போதும், மற்றவை எல்லாம் அதையே தேடிப் போய்க் கொத்தும். நான்கு செத்துப்போயின. தனகோட்டி வந்து பார்த்துவிட்டுக் கத்தித் தீர்த்தாள். "மெய்யாலுமே உனக்குப் புத்தி கீதா? கண்ணெதிர சாவுதுங்க, நீ காலண்டரப் பாத்துக்கினு கீற!" எனக்கு அழுகை பீறிட்டுக்கொண்டு வந்தது. அதுவரை ஒருவரிடமும் சொல்லாததை அவளிடம் சொன்னேன். நாங்கள் இந்த வீட்டுக்கு வந்ததே ஓர் ஆடியில்தான். ஆவணி வரை பொறுப்போம் என்று அவர் சொன்னார். நல்ல வீடு, கைநழுவிவிடும் என்று அவரை இழுத்துக்கொண்டு வந்தவள் நான். அவரை நான்தான் கொன்றேன் என்று ஒவ்வொரு நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

தனகோட்டி கூடையைத் தூக்கிக்கொண்டாள். விறுவிறுவென்று போய்விட்டாள்.

மறுநாள் காலை குளித்து, நல்ல புடவை உடுத்தி, கையில் தாம்பாளத்தோடு வந்து நின்றாள். வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், மஞ்சள், குங்குமம், ஒரு முழம் மல்லி. "இன்னாத்துக்குப் பாக்கற? ஆடி அழைப்புக்கு வந்துக்கிறேன். ஆடியில குடி போவக்கூடாது, சரி. பொண்ணுங்க அம்மா வூட்டுக்குப் போவுமா போவாதா?"

"போகும்."

"இதுங்க அல்லாம் பொட்டைங்கதானே? அம்மா வூட்டுக்கு இட்டுக்கினு போறேன். தட்டப் புடி."

"இதுகளுக்கு அம்மா யாரு தனகோட்டி?"

"ஏன், என்னப் பாத்தா அம்மாவாத் தெரியலியா?"

சிரித்துவிட்டேன். அவர் போன பங்குனிக்குப் பிறகு நான் சிரித்தது அப்போதுதான். பூவும் குங்குமமும் வைத்த தட்டை என் கையில் கொடுக்க அந்த நாளில் வேறு யாருக்கும் துணிவிருந்ததில்லை. கோயிலில்கூட என்னைத் தாண்டி அடுத்தவளிடம்தான் நீட்டுவார்கள். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

கூடை கூடையாக, மேலே துண்டு போட்டு மூடி, குஞ்சுகளைக் கூண்டுக்குக் கொண்டுபோனோம். முதல் தடவையாக வெயிலைப் பார்த்துத் திகைத்து நின்றன. பிறகு ஒன்று உமியைச் சீய்த்தது, அதைப் பார்த்து எல்லாம் சீய்த்தன. சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. பல்புச் சூட்டிலேயே வளர்ந்தவை மிரண்டுபோய் ஒரே மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக் குவிந்தன. அடியில் மாட்டியது மூச்சுமுட்டிச் செத்துவிடும். தனகோட்டி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கூண்டுக்குள் தவழ்ந்து போய், குஞ்சுகளை வாரி விலக்கிவிட்டு, அந்த மூலையிலேயே குந்திக்கொண்டாள். "மூலையே இல்லேன்னா எங்கடி போய்க் குமிவீங்க? தள்ளித் தள்ளிக் குந்துங்கடி! யக்கா, இன்னா வேடிக்க? நீ அந்த மூலைக்கு வா." மற்ற இரண்டு மூலைகளிலும் சாக்கைச் சுருட்டி அடைத்துவிட்டு நானும் போய் உட்கார்ந்தேன். மழை விட்டு அவை அடங்கும்வரை ஆளுக்கொரு மூலையாகக் கீற்றுச் சொட்டில் நனைந்துகொண்டிருந்தோம். முழங்கால் விண்விண் என்று தெறித்தது.

விடிந்ததும் போய்ப் பார்த்தேன். ஒரு குஞ்சு செத்துக் கிடந்தது. "பார்த்தாயா, ஆடி" என்று கூண்டுக் கதவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். இரவு என் வீட்டிலேயே தங்கிவிட்ட தனகோட்டி அதைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்தாள். பிறகு அவளுக்கு வழக்கமே இல்லாத தணிந்த குரலில் சொன்னாள்: "இது நோஞ்சான் யக்கா. குளுரு தாங்கல, போச்சு. ஆடி இன்னா பண்ணும்? உன் வூட்டுக்காரரு ஜொரம் வந்து போனாரு. நீ இட்டாந்ததால போவல. கேட்டுக்கினியா? நீ இட்டாந்ததால போவல." இரண்டு தடவை சொன்னாள். மற்ற குஞ்சுகள் எங்கள் காலைச் சுற்றித் தீனிக்குக் கத்திக்கொண்டிருந்தன. எழுந்து போய் வைத்தேன்.

கார்த்திகையில் அத்தான் வந்தார். அதற்குள் பெட்டைகள் முட்டையிட ஆரம்பித்திருந்தன. கொல்லையைச் சுற்றிப் பார்த்தவருக்கு மனசு குளிர்ந்ததுதான். இருந்தாலும் திண்ணமாகச் சொன்னார்: "எல்லாம் சரிதாம்மா. ஆனா ஆடியில வந்த வீடு. தம்பியக் கொண்டுபோயிருச்சு. உனக்கும் பிள்ளைக்கும் இது ஆகாது."

தனகோட்டி கம்பிவலைக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தாள். இவள் வாயைத் திறந்துவிடப் போகிறாளே என்று எனக்குப் பயம். அவள் திறக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அவிய காய்ச்சல் வந்து போனாவ அத்தான்" என்றேன். "வீடு என்ன செய்யும்? நான் வரல. நானும் பிள்ளையும் இங்கனதான் இருப்போம்."

அத்தான் தோள்துண்டை எடுத்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரிம்மா, இருங்க" என்றார். இரவு ரயிலுக்குத் தனியாகத்தான் போனார்.

இந்த வீட்டில்தான் என் மகள் படித்தாள். இங்கிருந்துதான் அவளுக்குக் கல்யாணம் செய்தேன். இங்கே உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். தனகோட்டியிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது எது என்று இந்த ஒரு வாரமாக யோசித்துக்கொண்டிருந்தேன். என் புருஷனை நான் கொல்லவில்லை. என்னிடம் மிஞ்சியிருப்பது அதுதான். ஐம்பது வருஷமாக அதை வைத்துக்கொண்டுதான் இந்த வீட்டில் கண்ணை மூடித் தூங்குகிறேன். நன்றாகவே தூங்குகிறேன், தனகோட்டி.