ஐந்தாவது இன்னிங்ஸில் கிளம்பும் குடும்பம்

எங்கள் அப்பா எதையும் முடியும்வரை பார்த்தவர் இல்லை. ஹூஸ்டனை ஒட்டிய எங்கள் ஊரான பேர்லேண்டின் மீனாட்சி கோயிலில் தீபாராதனை தொடங்கும்போதே கார் சாவி அவர் கைக்கு வந்துவிடும். கல்யாண ரிசப்ஷன் என்றால் பாயசம் வருவதற்குள் நாங்கள் ஃப்ரீவேயில் இருப்போம். காரணம் ஒன்றுதான், பார்க்கிங். கூட்டம் கிளம்புவதற்கு முன்னால் நாம் கிளம்பிவிட வேண்டும்.

அப்படிப்பட்டவர் தொண்ணூறுகளின் கடைசியில், ஒரு கோடை விடுமுறையில், ஊர் ஊராக பேஸ்பால் பார்க்கலாம் என்று எங்களைக் கிளப்பினார். அமெரிக்காவைப் பார்க்க வேண்டுமானால் பெரிய அணிகளை விட்டுவிட்டு, ஊர் அணிகள் ஆடும் மைனர் லீக் மைதானங்களுக்குப் போ என்று ஆபீஸ் மேனேஜர் சொன்னாராம். மேனேஜர் சொல்லுக்கு அப்பாவிடம் அப்பீல் கிடையாது. ஆனால் மோட்டலில் தங்குவது கௌரவக் குறைச்சல். ஆகவே எந்த ஊரில் அவருடைய கல்லூரி நண்பரோ நண்பரின் மச்சானோ வீடு வாங்கியிருந்தார்களோ, அந்த ஊர் மைதானம்தான் பார்க்கத் தகுந்தது என்று ஆனது.

முதலில் சான் அன்டோனியோ. உலகமே வந்து பார்க்கும் பழைய கோட்டையின் வாசலில் எங்களை நிறுத்தி ஒரு போட்டோ எடுத்தார். நம்ம ஊர் தாலுகா ஆபீஸ் இதைவிடப் பெரிசு என்று சொல்லிவிட்டு உள்ளே போகாமலே திரும்பினார். சாயங்காலம் மைதானத்தில், ஆட்டம் முடிந்ததும் குழந்தைகள் இறங்கி, ஆட்டக்காரர்கள் ரன் எடுக்க ஓடும் நான்கு பேஸையும் சுற்றி ஓடலாம் என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். எனக்கு ஒன்பது வயது. வாழ்க்கையில் வேறு எதுவும் வேண்டாம் என்று தோன்றியது. ஷூ லேஸை இறுக்கிக் கட்டிக்கொண்டு தயாராக உட்கார்ந்தேன். ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டத்தில் ஐந்தாவதிலேயே அப்பா எழுந்துவிட்டார். தங்கும் வீட்டு ஆன்ட்டி சமைத்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறாராம்.

மிட்லேண்டிலும் இதே கதை. அங்கே அழுதும் பார்த்தேன். இத்தனைக்கும் எங்கள் காரைச் சுற்றி மாடு மேய்க்கலாம், பார்க்கிங்கில் அவ்வளவு இடம் காலி.

அப்பாவைவிட அம்மா மேல்தான் எனக்கு அதிக எரிச்சல். ஒரு வார்த்தை எதிர்த்துச் சொல்லாமல் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பின்னால் வந்தாள். அவள் எப்போதும் அப்படித்தான். கல்யாணத்துக்காக எம்.எஸ்ஸியைப் பாதியில் விட்டவள். ஹூஸ்டனில் சேர்ந்த கம்ப்யூட்டர் கிளாஸும், காரில் கொண்டுபோய் விட ஆளில்லாமல், பாதியில் நின்றது. பகல் முழுக்க சமையலறை ரேடியோவில் யாரோ ஆங்கிலத்தில் மூச்சுவிடாமல் பேசிக்கொண்டிருப்பார்கள், நடுநடுவே ஒரு கூட்டம் ஆரவாரிக்கும். அதை அவள் காதுகொடுத்துக் கேட்கிறாள் என்று நாங்கள் யாரும் நினைத்ததில்லை.

கடைசி ஊர் எல் பாசோ. இங்கேயும் ஆட்டம் முடிந்ததும் குழந்தைகள் ஓடலாம் என்றார்கள். நான் இந்த முறை லேஸைக்கூடத் தொடவில்லை. எதிர்பார்த்தபடியே ஐந்தாவது இன்னிங்ஸில் அப்பா சாவியை எடுத்தார்.

"நான் வரல," என்றாள் அம்மா.

அவளுக்குச் சரியாகக் காதில் விழவில்லை என்று நினைத்து, அந்த ஊர் ஆன்ட்டி சமைத்துவிட்டுக் காத்திருப்பதை அப்பா மறுபடி சொன்னார்.

"ஒரு ரன்தான் வித்தியாசம். ரெண்டு பேர் பேஸ்ல நிக்கறாங்க, ஒரு அவுட்தான் ஆயிருக்கு. இப்பப் போய் யாராவது எழுந்து போவாங்களா? நீங்க வேணா கார்ல வெயிட் பண்ணுங்க." மைதானத்திலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்.

நான்தான் சொல்லிக்கொடுத்தேனோ என்று அப்பா என்னைப் பார்த்தார். எனக்கே அந்தக் கணக்கெல்லாம் தெரியாது. பே-ஃபோனைத் தேடிப் போய், நேரமாகும் என்று ஆன்ட்டியிடம் சொல்லிவிட்டு வந்தார். ஆட்டம் முடியும்வரை சாவியைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

எனக்காக அம்மா அப்பாவையே எதிர்த்துவிட்டாள். குனிந்து ஷூ லேஸை இறுக்கிக் கட்டினேன்.

ஓடினேன். மூன்றாவது பேஸை மிதித்தபோது அவளைத் தேடினேன். மற்ற அம்மாக்கள் எல்லாரும் வேலிக் கம்பி அருகில் நின்று கையாட்டிக்கொண்டிருந்தார்கள். என் அம்மா மேலே, உட்கார்ந்த இடத்திலேயே இருந்தாள். நான் ஓடிய பக்கம்கூடத் திரும்பவில்லை. இன்னும் அணைக்காத ஸ்கோர்போர்டைப் பார்த்துத் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

காரில் அவள் சீட்டுக்குப் பின்னால் உட்காராமல் அப்பாவுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். எனக்காக அவ்வளவு சண்டை போட்டவள், நான் ஓடும்போது மட்டும் ஏன் என்னைப் பார்க்கவில்லை என்ற கோபம் பேர்லேண்ட் வந்து சேரும்வரை ஆறவே இல்லை.