ரெட்டிபாளையத்து முக்காலி

ரெட்டிபாளையம் டீக்கடையில் அரியலூர் பஸ்ஸுக்காகக் காத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை. சிமெண்ட் ஆலையில் வேலை செய்யும் மூன்று பேர், ஓய்வு நேரத்தில் கையால் செய்ததைப் பெஞ்சில் பரப்புகிறார்கள். லாரி டிரைவர் தைத்த தோல் பெல்ட், வெல்டர் அடித்த அரிவாள்மணை. எதுவும் விற்பனைக்கு இல்லை; ஒருவர் செய்ததில் மற்றவர்கள் குறை பார்க்கத்தான். மற்றவர்கள் குறை சொல்லி முடிக்கும்வரை செய்தவர் வாயைத் திறக்கக் கூடாது.

ஃபிட்டர் கலியமூர்த்தி கொண்டுவந்திருப்பது மனைவிக்காகச் செய்த முக்காலி. வேப்பங்கால்கள், இரும்பு வளையம், மேலே இழுத்துக் கட்டிய ஆட்டுத்தோல். அவர் மனைவி முந்திரி உடைப்பவர். முட்டி வீங்கித் தரையில் உட்கார முடியாமல் இரண்டு வாரமாக வேலைக்குப் போகவில்லை. நாளையும் போகாவிட்டால் அந்த இடம் வேறு ஆளுக்கு.

டிரைவர் உட்கார்ந்து அசைத்துப் பார்க்கிறார்.

"ஆடலடா. ஆனா உன் காலுக்கு அளவெடுத்திருக்க. அந்தப் புள்ள உன் தோளுக்குக்கூட வராதே? கால் தொங்குனா முட்டி இன்னும் வீங்கும்."

கலியமூர்த்தியின் முகம் வாடுகிறது. பிறகு என்னைப் பார்க்கிறார். சிறு வயதுப் பட்டினியில் நின்றுபோன உயரம் என்னுடையது.

"சார், எங்க வூட்டுலயும் உங்க உசரம்தாங்க. செத்த உக்காருங்களேன்."

உட்காருகிறேன். குதிகால் தரையைத் தொடவில்லை. எல்லோரும் சிரிக்கிறார்கள், நானும்தான். அவர் மண்டியிட்டு, அந்த இடைவெளியைக் குச்சியால் அளந்து மூன்று கால்களிலும் குறிக்கிறார். வெல்டர் பையிலிருந்து ரம்பத்தை எடுக்கிறார்.

பஸ் வந்து நிற்கிறது.

"அறுத்ததும் ஒருதரம் உக்காந்து காட்டிட்டுப் போங்க சார்" என்கிறார் கலியமூர்த்தி.

பஸ் போய்விடுகிறது. மூன்று கால்களையும் அறுத்து முடித்ததும் மறுபடி உட்காருகிறேன். டிரைவர் குனிந்து என் குதிகாலுக்கு அடியில் விரலை நுழைத்துப் பார்க்கிறார். நுழையவில்லை.