உடையாத மாங்காய்ப் பூட்டு

என் மாமா, அம்மாவின் தம்பி, கல்யாண வீடியோ எடுப்பவர். தாலி கட்டும் நேரத்தை ஒருபோதும் தவறவிட்டதில்லை என்ற பெருமை முற்றிப்போய் ஒரு சண்டைப் படம் எடுக்கக் கிளம்பினார். கல்யாணம் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில், நண்பர்களை வைத்து, அதே கல்யாணக் கேமராவில் எடுத்தார். ஹீரோவாக வர வேண்டிய ஜிம் நண்பருக்கு வீட்டில் பெண் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். முகத்தில் அடிபட அவர் தயாராக இல்லை. அந்த இடத்துக்கு என் அப்பா வந்தார். நிலக்கோட்டையிலிருந்து மல்லிகைப்பூ ஏற்றிவரும் வேன் அவருடையது. படத்துக்கு வேனும் தேவைப்பட்டது என்பதால், தொப்பையோடு கூடிய போலீஸ் அதிகாரியை மாமா பொறுத்துக்கொண்டார்.

ரவுடிகள் ஒரு சிறுமியைக் கடத்துவதுதான் கதை. ஹீரோவின் மகள் நான் வீட்டில் இருக்கும்போது வேறு யாரைக் கடத்துவார்கள் என்று இருந்தேன். மாமா சித்தி மகளைத் தேர்ந்தெடுத்தார்.

முந்தின வருடம் சித்தப்பா லாரி விபத்தில் இறந்ததிலிருந்து சித்தியும் அவளும் நாகல் நகரில் எங்கள் வீட்டு மாடியில்தான் இருந்தார்கள். அன்றிலிருந்து எதுவானாலும் அவளுக்குத்தான் முதலில். குழம்பில் ஈரல் துண்டு அவளுக்கு. வேனில் முன் சீட்டு அவளுக்கு. இப்போது கடத்தப்படும் பாக்கியமும் அவளுக்கே. என் வயிறு எரிந்தது. படப்பிடிப்பு நடந்த பக்கமே நான் எட்டிப் பார்க்கவில்லை.

ஆகவே படத்தை முதன்முதலாக எங்கள் வீட்டு டிவியில்தான் பார்த்தேன். மாதா கோயிலில் ஞாயிற்றுப் பூசை முடிந்து வந்து, கறிச்சோறு சாப்பிட்டுவிட்டு எல்லோரும் உட்கார்ந்தோம். மாமா பென் டிரைவைச் செருகினார். படம் கேவலமாக இருக்க வேண்டும் என்று கோயிலிலேயே வேண்டிக்கொண்டு வந்திருந்தேன். ஆண்டவர் தாராளமாகவே கேட்டருளினார். அடி விழுந்து, ஆள் கீழே விழுந்து, அதற்குப் பிறகுதான் ‘டிஷ்யூம்’ என்று சத்தம் வந்தது. ரவுடியைத் துரத்திய அப்பா பாதியில் நின்று மூச்சு வாங்கினார். சித்திகூடச் சிரித்தாள். சித்தி மகளும் அப்பாவை ஒட்டி உட்கார்ந்து முறுக்கு தின்றபடி சிரித்தாள்.

பிறகு பூட்டு வந்தது.

அவளை ஒரு கொட்டகையில் அடைத்துப் பூட்டுவார்கள், அப்பா கல்லால் ஒரே போடு போட்டு உடைக்க வேண்டும். லேசான தகரப் பூட்டாகக் கொண்டுவரும்படி வில்லனாக நடித்த நண்பரிடம் மாமா சொல்லியிருந்தார். அந்த நண்பர் பூட்டுப் பட்டறைக்காரர் வீட்டுப் பிள்ளை. “எங்க பட்டறைப் பூட்டு ஒரே அடியில உடைஞ்சா ஊரு சிரிக்காதா?” என்று, மாங்காய் வடிவத்தில் கையால் செய்த கனத்த மாங்காய்ப் பூட்டு ஒன்றைக் கொண்டுவந்து பூட்டிவிட்டார். உடைக்கப்போகிற பூட்டுக்குச் சாவி எதற்கு என்று அதை வீட்டிலேயே வைத்துவிட்டும் வந்திருந்தார்.

டிவியில் அப்பா ஓங்கி அடித்தார். மறுபடியும் அடித்தார். பூட்டில் கீறல்கூட விழவில்லை. அவர் திரும்பிக் கேமராவையே பார்த்தார். உள்ளேயிருந்து ஓர் அலறல் கேட்டது.

“அப்பா! அப்பா!”

“போலீஸ் மாமா, காப்பாத்துங்க” என்பதுதான் மாமா எழுதிக்கொடுத்த வசனம். அப்பா தொப்பியைக் கழற்றி எறிந்தார். வேனுக்கு ஓடிக் கடப்பாரையை எடுத்து வந்து நெம்பினார். பூட்டு அப்படியே இருக்க, நாதாங்கி மரத்தோடு பெயர்ந்து வந்தது. கையில் ரத்தம் வழிய அவளை வாரித் தூக்கிக்கொண்டார்.

“வந்துட்டேன் அப்பு, வந்துட்டேன்” என்று அழுதார்.

அப்பு என்பது வீட்டில் அவர் என்னைக் கூப்பிடும் பெயர். என்னை மட்டும்.

“இதான்க்கா படத்துலயே நல்ல சீன். ரெண்டு பேரும் நடிக்கவே இல்ல” என்றார் மாமா, அம்மாவைப் பார்த்து.

எனக்குப் பொறுக்கவில்லை. “எங்கப்பாவப் போயி எதுக்கு அப்பாங்குற? உங்கப்பாவக் கூப்புட வேண்டியதுதான?” என்று அவளைக் கேட்டேன்.

அம்மாவின் கை என் முதுகுக்குப் பக்கத்தில் வந்து, அடிக்காமல் நின்றது. சித்தி மகள் கோபப்படவில்லை. டிவியைப் பார்த்தபடியே சொன்னாள்.

“அவரத்தான் கூப்புட்டேன். பெரியப்பா வந்தாக.”

எனக்கு அப்பாடா என்றிருந்தது. அவள் கூப்பிட்டது அவளுடைய அப்பாவைத்தான். என் அப்பா என் அப்பாதான். முறுக்குத் தட்டை என் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டேன். டிவியில் அடுத்த சண்டை தொடங்கியது, ஒருவரும் சிரிக்கவில்லை. சித்தி எழுந்து மாடிக்குப் போனாள். அப்பா சித்தி மகளைத் தூக்கி மடியில் உட்காரவைத்துக்கொண்டார். அதுதான் அவளே சொல்லிவிட்டாளே, பிறகும் எதற்கு இவளை மடியில் வைத்திருக்கிறார் என்று படம் முடியும்வரை அவர்களையே முறைத்துக்கொண்டிருந்தேன்.