உறையைக் கழற்றியவன்

இறைச்சி வெட்டும் கூடத்தில் அவளுக்குப் பூனை என்று பெயர். இருக்குமிடம் தெரியாமல் வேலை பார்ப்பாள். வீட்டில் வாங்கும் அடியையும் அப்படித்தான் வாங்கிக்கொண்டிருந்தாள். புருஷனும் அதே கூடத்தில் உரித்த ஆடுகளைக் கொக்கியில் மாட்டுகிறவன்.

அவளுக்குப் பக்கத்தில் வெட்டும் எந்திரம் நின்றது. ஒற்றைக் கை, நுனியில் சுழலும் கத்தி. பெண்கள் அதை மாப்பிள்ளை என்பார்கள். நீல உறை போட்ட கை குறுக்கே வந்தால் எந்த வேகத்திலும் நின்றுவிடும். அதற்குத் தெரிந்த அடையாளம் நீலம் மட்டும்தான்; உறையில்லாமல் யாரும் கிட்டே போவதில்லை.

அன்று சிக்கிய எலும்பை எடுக்கப் பூனை கை நீட்டினாள். கத்தி விரலைத் தொடாமல் நின்றது.

"மாப்பிள்ளைக்கு மனசு வந்து நிறுத்துதுடி," என்றாள் எதிரே நின்ற குண்டக்கா. "உன் வீட்டுக்காரனுக்குத்தான் வரமாட்டேங்குது."

கூடமே சிரித்தது. பூனைக்கும் உதட்டோரம் சிரிப்பு வந்தது. புருஷன் பார்த்துவிட்டான்.

வந்த வேகத்தில் அவள் கொண்டையைப் பிடித்து முகத்தை இரும்பு மேசையில் மோதினான். பல்லொன்று தெறித்தது. குறுக்கே வந்த குண்டக்காவை வயிற்றில் உதைத்தான். அவள் சுருண்டு விழுந்தாள். மற்றவர்கள் ஆள் கூப்பிட வெளியே ஓடினார்கள். அவன் பூனையின் கையை முறுக்கிக் கத்திக்கு நேரே தள்ளினான். எந்திரம் நின்றது. மறுபடி தள்ளினான். மறுபடியும் நின்றது.

அப்போதுதான் அவள் கை உறையைக் கழற்றினான். கொழுப்பில் ஊறிய உறை லேசில் வராது. விரல் விரலாக இழுத்தான். அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இந்த முறை கத்தி நிற்கவில்லை. இரண்டு விரல்கள் ஆட்டுத் துண்டுகளோடு தட்டில் விழுந்தன.

ஆஸ்பத்திரிக்கு நாத்தனார் வந்து கட்டிலை ஒட்டி உட்கார்ந்தாள்.

"கோபம் வந்தா என் தம்பி கை அவன் பேச்சைக் கேக்காது, உனக்குத் தெரியாததா? மெஷின் தானா பாஞ்சுதுன்னு சொல்லிடு. அதுக்கென்ன பெண்டாட்டி பிள்ளையா இருக்கு? கழட்டிப் போட்டுட்டு வேற வாங்குவாங்க." குரலைத் தாழ்த்தினாள். "மாத்திச் சொன்னா, அவன் என்னிக்காவது வெளிய வருவான். யோசிச்சுக்கோ."

சற்று நேரத்தில் போலீஸ்காரம்மா வந்தாள். "மெஷின் தன் இஷ்டத்துக்கு வெட்டிச்சாம்மா? இப்பல்லாம் அதுக்கும் சுயபுத்தி இருக்குங்கறாங்களே."

நாத்தனாரின் கை பூனையின் தோளில் இறுகியது.

"அதெல்லாம் எனக்குத் தெரியாதும்மா," என்றாள் பூனை. "நீலத்தைப் பாத்தா அதால நிக்காம இருக்க முடியாது. பாக்கலன்னா நிக்கவும் முடியாது. உறையை இழுக்கறப்ப என் வீட்டுக்காரரு கட்டைவிரலோட விட்டிருக்கலாம். அடுத்த விரலோட விட்டிருக்கலாம். அஞ்சையும் உருவிட்டுத்தான் தள்ளினாரு."

"அடிப்பாவி, நீ சொல்றதை யாரு கேக்கப் போறா?" என்று நாத்தனார் சீறினாள்.

பூனை வாயில் ஊறிய ரத்தத்தைத் துப்பினாள். பிறகு முதலிலிருந்து, வார்டு முழுக்கக் கேட்கும்படி, இன்னொரு தரம் சொன்னாள்.