ஐம்பது நொடியும் ஒன்பது நிமிடமும்

1. வீட்டோடு மாப்பிள்ளை

அந்த மடிக்கணினி மூன்றாம் முறையாக என் மேசைக்கு வந்தபோது, பட்டாசு ஆலையின் முதலாளியும் உடன் வந்தார். விருதுநகரில் நான் கணினி பழுதுநீக்கும் கடை நடத்திய காலம் அது, இரண்டாயிரங்களின் பிற்பகுதி.

"வெள்ளிக்கிழமை வடக்க இருந்து டீலர் வாராரு. பகல்ல வந்துட்டுப் பகல்லயே கெளம்பிருவாரு. அதுக்குள்ள இது ஓடணும். ஓடலன்னா இந்தப் பிள்ளய பழையபடி பெட்டி ஒட்டுற செக்‌ஷனுக்கே அனுப்பிருவேன்" என்றார்.

அவர் சுட்டிய 'பிள்ளை', உடன் வந்திருந்த செல்வராணி. பெட்டி ஒட்டும் பிரிவிலிருந்து, தம் முயற்சியால் கணினி கற்று, லேபிள் வரையும் மேசைக்கு உயர்ந்தவர். வானவெடியைப் பகலில் வெடித்துக் காட்டினால் புகைதான் தெரியும். ஆகவே அவர் மதுரை நண்பர் ஒருவரின் துணையோடு ஒரு கணினி விளையாட்டை உருவாக்கியிருந்தார். இருண்ட வானம் ஒன்று திரையில் விரியும். வேண்டிய வெடியைச் சொடுக்கினால் அது மேலேறிப் பூவாய்ச் சிதறும். மடிக்கணினி வாங்கச் சொன்னவரும் அவரே. குறை ஒன்றுதான். ஆலையில் அவ்விளையாட்டு திறக்க ஒன்பது நிமிடம் ஆயிற்று.

முதன்முறை வந்தபோதே நோயைக் கண்டறிந்துவிட்டதாக நான் நம்பினேன். முதலாளிக்குத் தொலைபேசியில் விளக்கவும் செய்தேன்: "இதிலுள்ள வரைகலை அமைப்பு தாய்ப்பலகையோடு ஒருங்கிணைந்தது. தனக்கென நினைவகம் இல்லை. முதன்மை நினைவகத்தில் பங்கு பெற்றே இயங்குகிறது."

"வீட்டோட மாப்பிள்ளன்னு சொல்லுங்க."

தமிழில் பட்டம் பெற்ற எனக்கு இத்தனை பொருத்தமான உவமை தோன்றவில்லையே என்று வருந்தினேன். கூடுதல் நினைவகம், அதாவது ராம், பொருத்தினேன். என் மேசையில் ஐம்பது நொடியில் திறந்தது. ஆலைக்குப் போனதும் மீண்டும் ஒன்பது நிமிடம். இரண்டாம் முறை வன்தட்டில் அடைந்து கிடந்த லேபிள் படங்களை அகற்றி, வரைகலை டிரைவர் மென்பொருளைப் புதிதாக நிறுவினேன். என் மேசையில் ஐம்பது நொடி. ஆலையில் ஒன்பது நிமிடம்.

"என்னிடம் நன்றாகத்தான் ஓடுகிறது" என்றேன். எங்கள் தொழிலில் இதைவிடப் பயனற்ற உண்மை வேறில்லை.

"மாமனாருக்குச் சொத்தும் சேத்தாச்சு, வீட்டையும் கூட்டிப் பெருக்கியாச்சு. மாப்பிள்ள எங்க வீட்டுல மட்டும் எந்திரிக்க மாட்டேங்காரே?" என்றார் முதலாளி.

செல்வராணி சிரிக்கவில்லை. "ஐயா, நீங்களே ஒருக்கா அங்கன வந்து பாத்திருங்க" என்றார்.

2. ஓட்டை

மடிக்கணினி அவர்களோடு திரும்பியது; வியாழக்கிழமை நானும் போனேன். தாயில்பட்டிக்கு அப்பால் இருந்தது ஆலை. வாயிலில் என் கைப்பேசியை வாங்கி வைத்துக்கொண்டார்கள். உடலில் தேங்கும் மின்னேற்றம் நீங்கச் செப்புத் தகட்டைத் தொடச் சொன்னார்கள். வெடிமருந்து அறைகளிலிருந்து வெகு தொலைவு தள்ளி அலுவலகம். அங்கே ஒரு மேசையில் மடிக்கணினி. ஒருபுறம் மணல் வாளி, மறுபுறம் தண்ணீர் வாளி. கணினியின் இடப்பக்கத்தில், விசிறிக் காற்று வெளியேறும் துளை முழுவதையும் மூடிப் பழுப்புத்தாள் ஒட்டியிருந்தது. இரண்டு மடிப்பு. மைதாப்பசை. ஓரம் பிசிறில்லாத வேலை.

"இதை ஒட்டியவர் யார்?"

"நாந்தேன்" என்று முன்வந்தார் ஃபோர்மேன் பொன்னுச்சாமி. "அந்த ஓட்டையில இருந்து அனலா வருதுய்யா. முப்பது வருசமா என் மருந்து செட்டுல ஒரு பொறி பறந்ததில்ல. அனல் வாற ஓட்டைய அடைக்காம விடுவனா?"

"என் கடைக்கு அனுப்பும்போது?"

"பிச்சுட்டுத்தான் குடுத்துவிடுவேன். ஒட்டுப்போட்ட சாமான வெளியாளு கையில குடுத்தா கம்பெனிக்கு மரியாதையா?"

வெப்பம் உள்ளே தேங்கினால், செயலி தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் என்று விளக்கினேன்.

முதலாளி தலையில் கைவைத்தார். "மாப்பிள்ளய ரூமுக்குள்ள வச்சுப் பூட்டிட்டு, வெளிய வரலன்னு நாமளே ஏசியிருக்கோம்."

பொன்னுச்சாமி அசையவில்லை. "தாளப் பிச்சா அனல் எங்க போகும்?"

"வெளியேதான்."

"அதத்தானய்யா வேணாங்கேன்."

அவருடைய விதி அவரது பிரிவில் பல உயிர்களைக் காத்தது. மருந்து செட் போய்க் கணினி மேசை வந்தபோதும் விதி மாறவில்லை, அவ்வளவே. செல்வராணிதான் கேட்டார்: "அண்ணாச்சி, கேட்டுக்கு வெளிய வாட்ச்மேன் ரூம்புல வச்சா?"

"கேட்டுக்கு வெளிய நீ அடுப்பே மூட்டு தாயி. நான் ஏன் கேக்கேன்?"

3. காவலர் அறையில் வானவெடி

வெள்ளிக்கிழமை, வடநாட்டு டீலர் காவலரின் கயிற்றுக் கட்டிலில் அமர்ந்தார். சன்னலைப் போர்வையால் மறைத்திருந்தார்கள். எதிரே மடிக்கணினி, பழுப்புத்தாள் இல்லாமல். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். செல்வராணி கண்ணை மூடிக்கொண்டார். ஐம்பத்திரண்டாம் நொடியில் வானம் இருண்டது. முதல் வெடியைச் சொடுக்கிய டீலர், எழுந்து போகும்வரை சுட்டியை எவரிடமும் தரவில்லை. சீசனுக்கான ஆர்டரை அந்தக் கட்டிலிலேயே சொன்னார். பொன்னுச்சாமி தண்ணீர் வாளியோடு வாசலிலேயே நின்றார்.

"ராம் போட்டது வீண் போகல" என்று முதலாளி என்னைப் பாராட்டினார். மறுத்துரைக்கும் நேர்மை அப்போது எனக்கு வரவில்லை.

செல்வராணி மடிக்கணினியை எடுத்துக்கொண்டு தம் மேசைக்குத் திரும்புமுன் என்னருகே நின்றார். "ஐயா, தாளப் பிச்சாலும் பசை இருந்திருக்குமே. ரெண்டு தடவையும் உங்க கண்ணுல படலையா?"

"பட்டது. ஆலைக்காரர்களுக்குத் தூய்மை தெரியவில்லை என்று எண்ணித் துடைத்துவிட்டேன்."

"நல்லாத்தான் தொடச்சிருக்கீக" என்றார்.

இத்தொழிலுக்கு வரும் இளையோருக்கு நான் சொல்ல விரும்புவது இதுவே: பழுதுபார்க்க வந்த பொருளின் அழுக்கை முதலில் படியுங்கள், துடைப்பது பிறகு. நான் துணியால் துடைத்தெறிந்தது, ஆலைக்குப் போக இன்னும் ஒரு நாள் தாமதித்திருந்தால், ஒரு பெண்ணின் நாற்காலியாய் இருந்திருக்கும்.