மூன்று சாமி மாத்திரை

போன ஞாயிற்றுக்கிழமை நகரியில் என்னை என் சொந்த அண்ணனே வாசலில் நிறுத்திவிட்டார்.

சர்ச்சுக்குப் பக்கத்து ஹாலில் மருத்துவ முகாம். பெஞ்சுகளைக் கொண்டுவந்து போட்டது பெருமாள் கோயில் கமிட்டி. வெளியே தயாராக நின்றது மசூதி டிரஸ்ட்டின் ஆம்புலன்ஸ். இதைப் பார்த்து எழுதலாமே என்று திருப்பதியிலிருந்து காலையிலேயே பஸ் பிடித்துப் போயிருந்தேன். ஹால் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார் அண்ணன்.

“பை எங்கம்மா?”

“இன்னா பை?”

“மாத்திரைப் பை. வீட்ல இன்னா இன்னா மாத்திரை கீதோ, அல்லாத்தையும் பையில போட்டு எடுத்தாரணும். பை இல்லாத ஆளு உள்ள போவக் கூடாது.”

“அண்ணா, நான் வைத்தியம் பாக்க வரல. எழுத வந்திருக்கேன்.”

“எதுக்கு வந்தா இன்னா? ரூல்ஸு ரூல்ஸுதான்.”

இந்தப் பக்கத்தைத் தவறாமல் படிப்பவர்களுக்கு என் அண்ணனைத் தெரியும். பவர்லூம் ஓட்டியே ஆயுசைக் கழித்தவர். யாரிடமும் ‘வேணாம்’ என்று சொல்ல வாய் வராது. கல்யாண வீட்டில் இலை நிறைந்து வழிந்தாலும், பரிமாறுகிறவர் மனசு நோகக் கூடாதென்று இன்னொரு கரண்டி வாங்கிக்கொள்வார். அந்த மனுஷனா என்னை மறிக்கிறார்? எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. இந்த ஆடியில் அவர் பிழைப்பாரா மாட்டாரா என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தவள் நான்.

அந்தக் கதையைச் சொல்கிறேன்.

ஆடிச் செவ்வாய். அண்ணியிடமிருந்து போன்.

“கீதா, உங்கண்ணனுக்கு சாமி வந்துடுச்சும்மா! ஒடம்பெல்லாம் ஆடுது, வேர்த்து ஊத்துது, இன்னாவோ பேசிக்கினே கீறாரு!”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. இத்தனை வருஷமாக எட்டிக்கூடப் பார்க்காத சாமி இன்றைக்கு ஏன் வந்தது?

ஆனால் அண்ணியையும் குற்றம் சொல்ல முடியாது. தெருவில் கெங்கையம்மன் ஊர்வலம். பம்பைச் சத்தம் காதைப் பிளக்கிறது. அந்த நேரம் பார்த்து ஒரு மனுஷன் வியர்த்து விறுவிறுத்து ஆடினால் தெருக்காரர்கள் வேறென்ன நினைப்பார்கள்? ஒருவர் கற்பூரம் ஏற்றினார். ஒருவர் வேப்பிலை ஒடித்து வந்தார். பக்கத்து வீட்டம்மா ஒருபடி மேலே போய், “எம் பொண்ணுக்கு எப்ப தாயி கல்யாணம் கூடும்?” என்று குறியே கேட்டுவிட்டார்.

“நூலு அறுந்துபோச்சு... மிஷினை நிறுத்து” என்றாராம் அண்ணன்.

அந்தம்மா ஓவென்று அழ ஆரம்பித்துவிட்டாராம். இன்றைக்கு நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு அடுத்த நிமிஷமே அண்ணன் சுருண்டு விழுந்தார்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தவர் காதர் பாய். மசூதி டிரஸ்ட்டின் ஆம்புலன்ஸ் அவர் பொறுப்பில்தான் ஓடுகிறது. அண்ணனின் கையைத் தொட்டுப் பார்த்தார் — ஜில்லென்று இருந்தது. உடனே சர்ச் ஆஸ்பத்திரி சிஸ்டருக்கு போன் போட்டார். சிஸ்டர் கேட்ட முதல் கேள்வி: “சுகர் பாத்தீங்களா?” வண்டியிலிருந்த மெஷினில் சோதித்தார்கள். எண்ணைப் பார்த்ததும் பாய் முகம் வெளுத்துவிட்டதாம்.

“யக்கா, இது சாமி இல்ல. சுகர் பாதாளத்துக்குப் போய்க்கினு கீது. தூக்குங்க!”

பம்பையை நிறுத்தச் சொல்லி வண்டிக்கு வழி பண்ணியவர் பெருமாள் கோயில் கமிட்டி நாயுடு. ஆம்புலன்ஸில் ஏறி, அண்ணன் தலையை மடியில் வைத்துக்கொண்டு போனவரும் அவரேதான்.

நான் பஸ்ஸில் புத்தூர் தாண்டுவதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. சர்ச் ஆஸ்பத்திரிக்கு ஓடிப்போய்ப் பார்க்கிறேன்... அண்ணன் கையில் குளுகோஸ் இறங்குகிறது. கண் திறக்கவில்லை. சர்க்கரை ஏறுவதும், கொஞ்ச நேரத்தில் மறுபடி இறங்குவதுமாக இருந்தது.

“இப்போதைக்கு எதுவும் உறுதியா சொல்ல முடியாது. அப்படி என்ன மாத்திரை சாப்பிட்டார்?” என்றார் டாக்டரம்மா.

அண்ணி வீட்டுக்கு ஓடி, அலமாரியில் இருந்ததையெல்லாம் ஒரு துணிப் பையில் அள்ளிக்கொண்டு வந்து மேஜையில் கொட்டினார். மூன்று அட்டை. ஒன்றில் வெள்ளை மாத்திரை, ஒன்றில் பச்சை, ஒன்றில் ரோஸ்.

டாக்டரம்மா திருப்பித் திருப்பிப் பார்த்தார். “மூணும் ஒரே மருந்து. கம்பெனிதான் வேற. யார் கொடுத்தது?”

பதில் அங்கேயே நின்றுகொண்டிருந்தது. வெள்ளை மாத்திரையைப் பார்த்து பாய் தலை குனிந்தார். பச்சையைப் பார்த்து நாயுடு. ரோஸைப் பார்த்து சிஸ்டர்.

விஷயம் இதுதான். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து மசூதியில் இலவச சுகர் முகாம். சனிக்கிழமை பெருமாள் கோயிலில் முகாம். ஞாயிறு பூசை முடிந்து சர்ச்சில் முகாம். அவரவர் சாமிக்கு உகந்த நாளில் அவரவர் முகாம்! ஒருவர் நடத்துவது இன்னொருவருக்குத் தெரியும். ஆனால் கலந்து பேச வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. யார் பேனர் பெரிசு, யாரிடம் கூட்டம் ஜாஸ்தி என்பதில்தான் கண். நல்லது செய்கிறவர்களுக்குள் இருக்கிற போட்டி மாதிரி மறைவான போட்டி வேறு எதுவும் கிடையாது... இல்லையா?

“மா கேம்ப்பே ஃபர்ஸ்ட் அம்மா. நாங்கதான் மொதல்ல ஆரம்பிச்சோம்” என்று தெலுங்கும் தமிழுமாக நாயுடு இழுத்தார்.

“நாங்க கேட்டுட்டுத்தான் மாத்திரை குடுத்தோம்” என்றார் சிஸ்டர்.

“நாங்க மட்டும் கேக்காமயா குடுத்தோம்?” என்றார் பாய்.

அண்ணி வெடித்துவிட்டார். “யாரு மொதல்ல, யாரு கடைசின்னு அப்பறமா பேசுங்கோ! எம் மனுஷன் கண்ணத் தொறக்கட்டும் மொதல்ல!”

அதற்குப் பிறகு மூன்று பேரும் அங்கேயே இருந்துவிட்டார்கள். வீட்டுக்குப் போகவில்லை. வராந்தாவில் சிஸ்டர் ஜெபமாலை உருட்டினார். ஓரமாகத் துண்டு விரித்து பாய் தொழுதார். நாயுடு வாய்க்குள் கோவிந்தா, கோவிந்தா. அண்ணிக்குக் காப்பி வாங்கி வருவதும், டாக்டரிடம் ஓடுவதும் அவர்கள்தான். நான் கூடப் பிறந்தவள், எனக்குக் கை கால் ஓடவில்லை. அந்த மூன்று பேருக்கும் நான் பட்டிருக்கிற கடனை எந்த ஜென்மத்தில் தீர்ப்பேன்?

மறுநாள் மதியம் அண்ணன் கண் திறந்தார். என்னைப் பார்த்து, “நீ எப்பம்மா வந்த? துன்னியா?” என்றார். நான் அழுதுவிட்டேன்.

உடம்பு கொஞ்சம் தேறியதும் சிஸ்டர் கேட்டார். “வேற எங்கயாச்சும் மாத்திரை வாங்கினீங்களான்னு கேட்டேனே... இல்லன்னு சொன்னீங்களே?”

அண்ணன் சங்கடமாக நெளிந்தார்.

“சர்ச்சுல உக்காந்துக்கினு கோயில்ல வாங்குனேன்னு எப்டி சிஸ்டர் சொல்றது? நல்லாவா இருக்கும்?”

“சரி, மூணையுமா முழுங்கறது?”

“பாய் துவா செஞ்சி குடுத்தாரு. நாயுடு பெருமாள் பாதத்துல வெச்சி குடுத்தாரு. நீங்க ஜெபம் பண்ணிக் குடுத்தீங்க. நான் யாரத வேணான்னு தள்றது? எந்த சாமி மனசும் நோவக் கூடாதுன்னு மூணையும் போட்டுக்கினேன்.”

சிஸ்டர் சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மாத்திரை கொடுத்தவர்கள்மேலும் தப்பில்லை, சாப்பிட்டவர்மேலும் தப்பில்லை. எல்லாருமே அன்பால் செய்தது. அன்பும் ஒருவரையொருவர் விசாரித்துக்கொள்ளாவிட்டால் ஆளைச் சாய்த்துவிடும் போலிருக்கிறது.

அண்ணன் வீடு திரும்பியதும் மூன்று தரப்பும் உட்கார்ந்து பேசின. இனி மாதம் ஒரே முகாம். இடம் மட்டும் மாறும் — ஒரு மாதம் கோயில் மண்டபம், அடுத்த மாதம் மசூதி, அதற்கடுத்து சர்ச் ஹால். மாத்திரை எழுதித் தருவது ஒரே டாக்டர். வருகிறவர்கள் வாயால் எதுவும் சொல்லிச் சங்கடப்பட வேண்டாம், வீட்டிலுள்ள எல்லா மாத்திரையையும் ஒரு பையில் போட்டு வந்து கொட்டினால் போதும். அண்ணி அன்றைக்குச் செய்ததுதான்.

எல்லாம் சுமுகமாக முடிந்தது என்றா நினைக்கிறீர்கள்? பையில் யார் படம் போடுவது என்று அடுத்த சண்டை! கோபுரமா, பிறையா, சிலுவையா? மூன்றையும் போட்டால் எது மேலே, எது கீழே? கடைசியில் அண்ணனே தறியில் மீந்த துணியை எடுத்து வர, அண்ணி தையல் மிஷினில் பைகள் தைத்துவிட்டார். படம் இல்லை, பேர் இல்லை. வெறும் வெள்ளைப் பை. ஒருவருக்கும் ஆட்சேபணை இல்லை.

சரி, வாசலுக்கு வருகிறேன். அண்ணன் இன்னும் என்னை உள்ளே விடவில்லை.

“அண்ணா, நான் பேஷன்ட்டே இல்ல!”

“நானுந்தான் அன்னிக்கி பேஷன்ட்டுன்னு நெனைக்கல” என்றார். பிறகு என் ஹேண்ட்பேக்கைப் பார்த்தார். நான் முழங்கால் வலிக்கு இரண்டு டாக்டரிடம் வாங்கிய மாத்திரைகள் அதற்குள் இருப்பது அவருக்கு எப்படித் தெரிந்ததோ... தெரியாது. எடுத்து நீட்டினேன்.

ஒரு வெள்ளைப் பையில் போட்டு என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்:

“கும்புடறதுக்கு எத்தினி எடத்துக்கு வேணாலும் போம்மா. முழுங்கறதுக்கு ஒரே எடந்தான்.”